கேளையாடு பாட்டை விட்ட கதை

அந்தக் காலத்தில், வாயுள்ளதெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், கருமுடி மலையில் நல்ல குரல் யாருக்கு என்று கேட்டால் குயிலைச் சொல்ல மாட்டார்கள். கேளையாட்டைத்தான் சொல்வார்கள். மான் இனத்தில் ஒரு சிறிய மான் அது. இன்றைக்கு மலைச்சரிவில் நின்றுகொண்டு தொண்டை கிழியக் குரைக்கிறதே, அதே கேளையாடுதான். சிரிக்க வேண்டாம், அப்போது அதன் குரல் அப்படி இருந்தது. அது பாட ஆரம்பித்தால் அழுகிற பிள்ளை வாயை மூடும். கொண்டையைப் பிய்த்துக்கொண்டு சண்டை போடும் காட்டுச் சேவல்கள்கூடச் சண்டையை விட்டுவிட்டுக் கழுத்தைச் சாய்த்துக் கேட்கும். குயிலுக்கு அதில் ஏகப்பட்ட வயிற்றெரிச்சல்.

தன் குரலின் அருமை கேளையாட்டுக்கும் தெரியும். தெரியாமல் இருக்குமா? ஒருமுறை பாடிய பாட்டை அது மறுமுறை பாடாது. "நேத்துப் பாடினதையே இன்னைக்கும் பாடினா என் தொண்டைக்கு அசிங்கம்" என்று பெருமையடித்துக்கொண்டு திரியும். ஆனால் நல்ல மனசு. குழந்தைகள் என்றால் உயிரை விடும்.

சாமைக் காட்டில் களை எடுக்கும் மாதம் வந்தால் கேளையாட்டுக்கும் வேலை வந்துவிடும். பெண்கள் சரிவின் அடியில் தொடங்கி, வரிசையாகக் குந்தி, களைக்கொத்தால் கொத்திக்கொண்டே மேலே ஏறுவார்கள். கைப்பிள்ளைக்காரி இருந்தால், காட்டின் அடியோரத்தில் நிற்கும் கடுக்காய் மரத்தில் தூளி கட்டிவிட்டு வருவாள். பிள்ளையைச் சும்மா போட மாட்டார்கள். மலைக்குளிருக்குத் தடித்த போர்வையில் கழுத்துவரை சுற்றி, மேலே கயிற்றால் முடிச்சுப் போட்டு, பொட்டலம் மாதிரி ஆக்கித்தான் தூளியில் கிடத்துவார்கள். கேளையாடு வந்து நெற்றியால் தூளியை முட்டி முட்டி ஆட்டும், ஆட்டிக்கொண்டே பாடும். கூலி ஒரு கை உப்பு. உப்பு அந்த மலைக்குக் கீழ்நாட்டிலிருந்து தலைச்சுமையாக வரவேண்டும். இருந்தாலும் கேளையாட்டுக்கென்றால் எந்தத் தாயும் கையைக் குறுக்கியதில்லை. பெண்கள் அதை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. பாட்டுக் கேட்கிறவரைக்கும் யாரும் தலை நிமிர வேண்டாம். பாட்டு நின்றால் போட்டது போட்டபடி மரத்துக்கு ஓட வேண்டும். ஒருநாள் கிளை வழியாகப் பாம்பு இறங்கியபோது பாட்டு நின்றது. வேறொரு நாள் செவ்வெறும்பு கயிற்றில் வரிசை கட்டியபோது நின்றது. அப்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தார்கள், பிள்ளைக்கு ஒரு குறையும் வரவில்லை. அதனால் அந்த ஊர்ப் பெண்களுக்குக் கண்ணைவிடக் காதின்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. காவலுக்கு நாய் உண்டா என்று கேட்பீர்கள். நாய் அப்போது இன்னும் மலையேறவில்லை. கீழ்நாட்டில் யார் வீட்டு வாசலிலோ சோற்றுக்குக் காத்துக் கிடந்தது.

இன்னொரு பேச்சும் இருந்தது. அது கேளையாடு பாட வருவதற்கெல்லாம் முந்தியது. மஞ்சு இறங்கினால் வேலை முடிந்தது. மலைமேலிருந்து வெள்ளையாக மூடுபனி வழிந்து வரத் தொடங்கியதும், பாதிக் களையில் நின்றாலும் சரி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டும். ஏனென்றால் மஞ்சுக்குள் தனக்கு முன்னால் நிற்பது மரமா மிருகமா என்று மனுஷனுக்குத் தெரியாது. மிருகத்துக்குத் தெரியும்.

அந்த மலையில் ஒரு கிழட்டுப் புலி இருந்தது. ஊரார் அதைப் புலி என்று சொல்ல மாட்டார்கள், 'பெரியவர்' என்பார்கள். மரியாதை ஒன்றுமில்லை, பயம். பெயரைச் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு வந்துவிடுமோ என்கிற பயம். அதற்கு வயதாகிப் பல் மழுங்கிப்போயிருந்தது. காட்டெருமையைத் துரத்த மூச்சு இல்லை, பன்றித் தோலைக் கிழிக்கப் பல் இல்லை. முதலில் ஊரில் ஆட்டுக்குட்டிகள் காணாமல் போயின, பிறகு கன்று. அதற்கும் பிறகு, சுள்ளி பொறுக்கப் போன ஒரு கிழவனைத் தேடிப் போனவர்கள் அவன் கைக்கம்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மிருதுவான கறியாகத் தேடுகிறது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சாயங்காலமானால் வெளியில் விளையாடும் பிள்ளைகளை ஒவ்வொருத்தியும் காரணம் சொல்லாமல் உள்ளே இழுத்து, வாசல் படலைக் கட்டினாள்.

இந்த நிலைமையில்தான் சடைச்சியின் பிள்ளைக்கு அந்த நாள் வந்தது.

சடைச்சிக்கு அது தலைப்பிள்ளை. கல்யாணமாகி எத்தனையோ சாமை அறுப்பு போய், இனிமேல் எங்கே என்று எல்லாரும் பேசி ஓய்ந்தபிறகு பிறந்த பெண் குழந்தை. அவள் அதைக் கீழே விட்டதே கிடையாது. இடுப்பில் இல்லாவிட்டால் முதுகில், முதுகில் இல்லாவிட்டால் மடியில். தூளியில் போட்டாள் என்றால் அது கேளையாட்டை நம்பித்தான்.

சடைச்சிக்கும் நல்ல குரல். கும்மி வட்டத்தில் முதல் அடியை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்து அவள் கும்மிக்குப் போகவில்லை. அன்று சாயங்காலம் பக்கத்து ஊரான ஆலம்பாறையில் நோன்புக் கும்மி. சுற்றுப்பட்ட ஊர் எல்லாம் வரும். காலையிலேயே தலைக்கு எண்ணெய் வைத்து, காட்டுமல்லிப் பூவைப் பறித்து இலையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டுதான் களைக்கு வந்திருந்தாள். ஆனால் சாமைக் காட்டுக்குப் பொறுப்பானவள் அவள் புருஷனுடைய அக்கா பூவாயி. பூவாயி கறாரானவள்.

"களை முடிஞ்சாத்தான் கும்மி. நாளைக்கு மழை புடிச்சிக்கிச்சுன்னா களையும் சாமையும் ஒண்ணா நிக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

அதனால் பெண்கள் அன்று நிமிராமல் கொத்தினார்கள். வெயில் சாய்ந்தபோது மேட்டில் கடைசி நிரை மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து மலைமுடியிலிருந்து மஞ்சு வழியத் தொடங்கியது.

பூவாயிதான் முதலில் எழுந்து நின்றாள். "மஞ்சு இறங்குது. கெளம்புங்கடி. சடைச்சி, போய்ப் புள்ளயத் தூக்கு."

சடைச்சி மேலே பார்த்தாள், பாக்கி இருந்த நிரையைப் பார்த்தாள். "இன்னும் இந்த நிரை ஒண்ணுதான அண்ணி? இதை விட்டுட்டுப் போனா நீங்களே கும்மிக்கு விடமாட்டீங்க."

"மஞ்சுல என்னடி கும்மி?"

"அக்கா பாடுறது கேக்குதில்ல? நிறுத்தினா ஓடிட மாட்டோமா?"

கீழேயிருந்து கேளையாட்டுக்கு இந்தப் பேச்சு கேட்டது. அது பாட்டின் நடுவிலேயே குரல் கொடுத்தது. "நான் இருக்கறப்ப என்ன பயம்? நீங்க முடிச்சிட்டு வாங்க. என் பாட்டு மஞ்சுக்குள்ளயும் கேக்கும்."

பூவாயிக்கு மனசில்லை. இருந்தாலும் அவளுக்கும் களை முடிய வேண்டும். "சரி, வெரசா ஆகட்டும்" என்று குந்திவிட்டாள். தப்பு யாருடையது என்று இன்றைக்கும் அந்த மலையில் பேசிக்கொள்வதுண்டு. மூன்று பேருக்கும் பங்கு உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மஞ்சு வந்து மூடியது. கடுக்காய் மரத்தடியிலிருந்து பார்த்தால் முதலில் மேட்டு நிரை மறைந்தது, பிறகு பெண்களின் முதுகுகள் மறைந்தன, பிறகு சாமைப் பயிரே மறைந்தது. களைக்கொத்து மண்ணில் விழும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. கேளையாடு தூளியை ஆட்டிக்கொண்டு புதுப்பாட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் அந்த மாதம்தான் குட்டி பிறந்திருந்தது. முதுகில் வெள்ளைப் புள்ளி போட்ட குட்டி. மரத்துக்குக் கீழே ஓடும் ஓடைக்கு அக்கரையில் பெரணிச் செடிகள் அடர்ந்த இடத்தில் அதைப் படுக்க வைத்திருந்தது. களை முடிந்ததும் போய்ப் பால் கொடுக்க வேண்டும். அந்த நினைப்பில் பாட்டு இன்னும் இனிமையாக வந்தது.

காடு வாயடைத்துப்போனதை அது உடனே கவனிக்கவில்லை. தன் குரலைத் தானே கேட்டு மயங்கி நின்றது. சில்வண்டு ஓய்ந்திருந்தது. மரத்தில் இருந்த குருவிகள் ஒன்றும் மூச்சு விடவில்லை. பிறகுதான் மூக்கில் அந்த வாடை ஏறியது. ஈர ரோமமும் பழைய ரத்தமும் கலந்த வாடை.  பாட்டு ஒரு அடி தடுமாறியது.

"நிறுத்தாத தங்கச்சி" என்றது ஒரு குரல். "பாடு. நல்லாத்தான் பாடுற."

மஞ்சுக்குள்ளிருந்து முகம் வந்தது. அவ்வளவு பக்கத்தில். இவ்வளவு நேரமும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் மூச்சு சூடாகக் கேளையாட்டின் காதில் பட்டது.

கேளையாடு பாடியது. வேறென்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை.

"ஆமா, அப்படித்தான்" என்றது புலி. அவசரமே இல்லாமல், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து பேசுவதுபோலப் பேசியது. "நீ பாட்ட விட்டா மேல இருக்கிறவளுங்க ஓடியாந்துருவாளுங்க. புள்ளையும் முழிச்சிக்கிட்டுக் கத்தும். எனக்கு வயசாயிருச்சு, ஓட முடியாது. எதுக்கு அந்த வம்பு? அது தூங்கட்டும். நான் சத்தமில்லாம எடுத்துக்கிட்டுப் போறேன்."

கேளையாடு கண்ணால் கெஞ்சியது. வாய் பாடிக்கொண்டிருந்தது.

"அக்கரையில பெரணிக்குள்ள ஒண்ணு படுத்திருக்கு" என்றது புலி. "முதுகுல வெள்ளைப் புள்ளி. வர்ற வழியில மோந்து பாத்துட்டுத்தான் வந்தேன். பல்லு படல. நீ பாடிக்கிட்டே இருந்தா நான் இக்கரையோடயே குகைக்குப் போயிருவேன். பாட்டு நின்னுச்சுன்னா ஓடையத் தாண்டுவேன். நான் சொன்ன சொல்லு மாறினதில்ல, காட்டுல யாரை வேணா கேட்டுப் பாரு."

மஞ்சு வந்தா மலை தூங்கும்,
மலை தூங்கினா மரம் தூங்கும்,
மரம் தூங்கினா குருவி தூங்கும்,
கண்ணே நீயும் தூங்கம்மா.

இதைத்தான் கேளையாடு பாடியது. புலி பின்னங்காலில் எழுந்து தூளிக்குள் தலையை விட்டது. போர்வை முடிச்சைப் பல்லில் கவ்விப் பூனை தன் குட்டியைத் தூக்குவதுபோல மெதுவாகத் தூக்கியது. பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சப்பிக்கொண்டு முகத்தை ஒருபக்கம் திருப்பியது. அழவில்லை. அந்தத் தாலாட்டுக்கு எந்தப் பிள்ளைதான் முழிக்கும்? புலி திரும்பி நடந்தது. மஞ்சு வழிவிட்டது, உடனே மூடிக்கொண்டது.

கேளையாடு தூளியை ஆட்டியது. காலியாக இருந்ததால் அது மேலே மேலே போனது. கேளையாடு பாடியது. இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்றவளுக்குப் பயம் வந்தால் அது எப்படிப்பட்ட பயம் என்று பெற்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மேட்டில் பெண்கள் கொத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி இது, அக்கா பாடினதையே பாடுது?" என்றாள் ஒருத்தி.

பூவாயி சிரித்தாள். "அதுக்கும் கும்மி நெனப்பு வந்துருச்சோ என்னவோ. புதுப்பாட்டு வரல."

சடைச்சியும் சிரித்தாள். மறுபடியும் கீழேயிருந்து 'மஞ்சு வந்தா மலை தூங்கும்' என்று வந்தது. அதே நாலு அடி. மறுபடியும் அதே நாலு அடி. சடைச்சியின் கை மண்ணிலேயே நின்றுவிட்டது. பாட்டு நிற்கவில்லை, சரிதான். ஆனால் நேற்றுப் பாடியதை இன்றைக்குப் பாடாத அக்கா, மூச்சுக்கு மூச்சு ஒரே பாட்டை ஏன் பாடுகிறது? மாரில் பால் கட்டிக்கொண்டு சுருக்கென்று வலித்தது.

"நான் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன் அண்ணி."

"நிரை முடியப்போகுதேடி!"

சடைச்சி எழுந்துவிட்டாள். பயிரை மிதித்துக்கொண்டு இறங்கினாள். மஞ்சுக்குள் தன் கால்கூட அவளுக்குத் தெரியவில்லை, பாட்டு வரும் திக்கைப் பிடித்துக்கொண்டே போனாள். கிட்டே போகப் போக அந்தப் பாட்டில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. குரல் இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

மரம் தெரிந்தது. தூளி ஆடிக்கொண்டிருந்தது. கேளையாடு நெற்றியால் அதை முட்டிக்கொண்டே, கண்ணை மட்டும் ஓடைப்பக்கம் வைத்துப் பாடிக்கொண்டிருந்தது. சடைச்சிக்கு உயிர் வந்தது. "அடப்போக்கா, பயமுறுத்திட்ட" என்று சொல்லிக்கொண்டே தூளிக்குள் கையை விட்டாள்.

துணி சூடாக இருந்தது. பிள்ளை இல்லை.

கையை இன்னும் உள்ளே விட்டாள். துணியின் அடிவரை தடவினாள். வெளியே எடுத்து மறுபடியும் விட்டாள். 

"எங்கக்கா?" என்றாள் கடைசியில். காற்றுதான் வந்தது.

கேளையாடு பாடியது. 'மரம் தூங்கினா குருவி தூங்கும்.' அதன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து முகத்தில் கோடாக இறங்கியது.

சடைச்சி அந்தக் கண்ணையும் அது பார்க்கும் திக்கையும் பார்த்தாள். ஈர மண்ணில் பதிந்திருந்த காலடியைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. கையில் களைக்கொத்து இருந்தது. ஓங்கி ஒரு போடு போட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் போடவில்லை. களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, கேளையாட்டின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் பெத்தவதானக்கா?" என்றாள்.

பாட்டு நின்றது.

மேலே கொத்துச் சத்தமும் நின்றது. பெண்கள் போட்டது போட்டபடி ஓடி வரும் சத்தம் கேட்டது. ஆனால் வந்து என்ன செய்ய? மஞ்சு கண்ணை மறைத்தது. பிள்ளை அழுதாலாவது அந்தச் சத்தத்தைத் தொட்டுக்கொண்டு ஓடலாம். அது பாட்டில் மயங்கித் தூங்கிக்கொண்டிருந்தது, புலியின் வாயில் தொங்கிக்கொண்டு.

புலி போகும் வழி தெரிந்தது கேளையாட்டுக்கு மட்டும்தான். அதன் மூக்கில் வாடை இருந்தது.

கேளையாடு அக்கரைப்பக்கம் ஒருமுறை பார்த்தது. பிறகு ஓடையோரமாகப் பாய்ந்தது. ஓடிக்கொண்டே கத்தியது. தாலாட்டுப் பாடுவதற்கென்று இருந்த மெல்லிய தொண்டை அது. அதில் கத்திப் பழக்கமே இல்லை. உள்ளே என்னவோ கிழிந்தது. "பவ்!" என்று ஒரு சத்தம் வெளியே வந்தது. அதைக் கேட்டு அதுவே பயந்துவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை. பவ்! பவ்! பவ்!

"அந்தப் பக்கம்! அக்கா கத்துது, அந்தப் பக்கம்!" என்று பூவாயி அலறினாள். பெண்கள் களைக்கொத்தைக் கல்லில் அடித்துக்கொண்டு, தடுக்கி விழுந்து, எழுந்து, அந்தச் சத்தத்தின் பின்னால் ஓடினார்கள். சடைச்சி எல்லாருக்கும் முன்னால் ஓடினாள்.

புலிக்கு ஒளிந்துகொள்ள மஞ்சு போதும். ஆனால் மஞ்சால் குரலை மறைக்க முடியவில்லை. புலி பாறைக்குப் பின்னால் போனால் பாறைக்குப் பின்னாலிருந்து குரைப்பு வந்தது. மூங்கில் புதருக்குள் நுழைந்தால் அங்கிருந்து வந்தது. மரத்தில் மந்திகள் விழித்துக்கொண்டு கிளையை உலுக்கின. காட்டுக்கோழிகள் கொக்கரித்தன. மலை முழுக்க அது எங்கே நிற்கிறது என்று தெரிந்துபோயிற்று. புலி ஓடைக்கரையில் ஒரு தட்டைப்பாறையில் நின்றது. பொட்டலத்தைக் கீழே வைத்தது.

"இதைத்தான் நீ கேட்டு வாங்கிக்கிட்ட தங்கச்சி" என்றது. கோபம்கூடப் படவில்லை. "நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

ஒரே தாண்டு. ஓடைக்கு அக்கரை போய்ச் சேர்ந்தது. பெரணிப் பக்கமாக நடந்தது.

இப்போது கேளையாடு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அக்கரைக்குப் பாய்ந்து ஓடினால், குறுக்கு வழியில் ஒருவேளை குட்டியைக் கிளப்பிவிடலாம். ஆனால் பாறையில் பிள்ளை கிடந்தது. போர்வைக்குள் கை கால் கட்டுண்டு, ஓடையின் விளிம்பில், ஒருமுறை புரண்டால் தண்ணீருக்குள் போகிற இடத்தில், இன்னும் தூங்கிக்கொண்டு. குரல் நின்றுவிட்டால் மஞ்சுக்குள் பெண்களுக்கு அந்த இடம் தெரியாது.

கேளையாடு பாறையில் ஏறிப் பொட்டலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றது. அக்கரையைப் பார்த்துக்கொண்டே நின்ற இடத்தில் குரைத்தது. குரைத்துக்கொண்டே இருந்தது.

சடைச்சி வந்து விழுந்து பிள்ளையை வாரி எடுத்தாள். முடிச்சை அவிழ்த்து, கையைப் பார்த்து, காலைப் பார்த்து, கழுத்தைத் தடவினாள். ஒரு கீறல் இல்லை. அப்போதுதான் பிள்ளை கண்ணைத் திறந்தது, குளிர் பட்டதும் வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு எல்லாரும் அழுதார்கள். கறார்ப் பூவாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த அழுகைக்கு நடுவில், அக்கரையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. ஒரே ஒருமுறை.

கேளையாட்டின் குரைப்பு நின்றது. பெண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். பிள்ளை மட்டும் அழுதது.

சடைச்சி பிள்ளையைப் பூவாயியின் கையில் கொடுத்தாள். யார் தடுத்தும் கேட்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கேளையாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அக்கரை ஏறினாள். பெரணிக்குள் புல் ஒருபக்கமாக மடங்கி, சிறிய உடம்பு படுத்திருந்த அளவுக்குப் பள்ளமாக இருந்தது. சடைச்சி குனிந்து அதில் கையை வைத்தாள். புல் சூடாக இருந்தது.

கேளையாடு அந்தப் பள்ளத்தில் மூக்கை வைத்தது. பாட வாயைத் திறந்தது. எத்தனை பிள்ளைகளுக்குப் பாடியிருக்கிறது, தன் குட்டிக்கு ஒரு பாட்டு பாடாதா? "பவ்" என்றுதான் வந்தது. மறுபடியும் திறந்தது, மறுபடியும் அதேதான் வந்தது. சடைச்சி அதைக் கட்டிக்கொண்டு, "போதுங்க்கா, போதும்" என்றாள். மஞ்சு கலைகிறவரை இரண்டு பேரும் அங்கேயே கிடந்தார்கள் என்று சொல்வார்கள்.

அன்று ஆலம்பாறைக் கும்மியில் முதல் அடி எடுத்துக் கொடுக்க ஆள் வரவில்லை. சடைச்சி அதற்குப் பிறகு எந்தக் கும்மியிலும் பாடவில்லை. மடியில் செருகியிருந்த காட்டுமல்லி ஓடையோடு போயிருக்க வேண்டும்.

கேளையாடும் பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை. தன் இனத்தோடும் கூடி மேயவில்லை, தனியாகவே திரிந்தது. சடைச்சி கடுக்காய் மரத்தடிக் கல்லில் ஒரு கை உப்பு வைத்துவிட்டு வருவாள். மறுநாள் போய்ப் பார்த்தால் கல்லை நக்கியிருக்கும். ஆளைப் பார்த்ததில்லை. ஆனால் ஒருநாள் சாயங்காலம், மேட்டுச் சரிவிலிருந்து அந்தக் குரல் வந்தது. பவ்! பவ்! ஊர் முழுக்கப் படலைக் கட்டி, ஆட்டை உள்ளே இழுத்தது. கட்டி முடித்தபிறகும் குரல் ஓயவில்லை. நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் சடைச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, சரிவைப் பார்த்துச் சொன்னாள்: "கேட்டுருச்சுக்கா. புள்ள எங்கிட்டத்தான் இருக்கு."

குரல் ஓய்ந்தது.

கேளையாட்டின் முகத்தில் கறுத்த கோடுகள் இருக்கின்றனவே, அவை அன்று கண்ணீர் வழிந்த தடம் என்கிறார்கள். தூளியை முட்டி முட்டி விழுந்த தழும்பு என்று சொல்பவர்களும் உண்டு. நான் இரண்டுக்கும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மற்றதெல்லாம் நீங்கள் போனாலும் பார்க்கலாம். காட்டோரம் கட்டிய தூளிக்கு அந்த மலையில் யாரும் தாலாட்டுப் பாடுவதில்லை. பிள்ளை அழுதால் அழட்டும் என்று விட்டுவிட்டுக் களை கொத்துகிறார்கள். அழுகை கேட்கிறவரைக்கும் பிள்ளை இருக்கிறது என்று அவர்களுக்கு நிம்மதி. மஞ்சு இறங்கினால் ஒரு நிரை என்ன, ஒரு செடி பாக்கி இருந்தாலும் எழுந்துவிடுகிறார்கள்.

புலி நடமாடினால் கேளையாடு குரைக்கிறது, யாராவது ஒருத்தி வாசலுக்கு வந்து "கேட்டுருச்சுக்கா" என்று சொல்லும்வரை விடாமல் குரைக்கிறது. அன்று முதல்தான், அந்தக் குரல் எழுந்ததும் கருமுடி மலையில் எந்தத் தாயும் பதில் சொல்வதற்கு முன்னால் தூளிக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.